கல்விக் கட்டணம் இல்லை, கட்டாயம் உழைப்பு உண்டு: பெரீயா கல்லூரியின் கதை

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வந்த மறுநாளிலிருந்து நம் வீடுகளில் ஒரே பேச்சுதான். பொறியியலா, மருத்துவமா, பி.காமா? உள்ளூரா, சென்னையா, வெளிநாடா? பேச்சு வெளிநாட்டுப் பக்கம் திரும்பியதும் அடுத்த கேள்வி பணம். "வங்கியில் கல்விக் கடன் கொடுக்கிறார்களே" என்று யாராவது சொல்வார்கள். "அது வட்டியில்லையா?" என்று வீட்டில் ஒருவர் கேட்பார், பெரும்பாலும் உம்மாவோ பாட்டியாரோ. அத்தோடு பேச்சு நின்றுவிடும்.

அது நின்றுபோகும் இடத்திலிருந்து இந்தக் கட்டுரையைத் தொடங்குகிறோம். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், லெக்சிங்டன் நகரத்துக்குத் தெற்கே சுமார் 65 கிலோமீட்டர் தொலைவில், அப்பலாச்சியன் மலைகளின் அடிவாரத்தில் பெரீயா என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அங்கே ஊரின் பெயரிலேயே ஒரு தனியார் கல்லூரி. மாணவர்கள் சுமார் 1,500 பேர்தான். நம்மூரில் ஒரு நடுத்தரப் பள்ளிக்கூடத்தில் இருக்கும் எண்ணிக்கை. இந்தக் கல்லூரி 1892 முதல் மாணவர்களிடம் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் சேரும் ஒவ்வொருவரும், எந்தப் பாடம் படித்தாலும், வாரத்துக்குக் குறைந்தது 10 மணி நேரம் கல்லூரிக்காக வேலை செய்தாக வேண்டும்.

எல்லாப் பிள்ளைகளையும் அங்கே அனுப்பிவிடலாம் என்று ஆசை காட்டுவதற்காக இதை எழுதவில்லை. அங்கே இடம் கிடைப்பது மிகச் சிலருக்கு. 'லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி' என்ற சொல்லை இப்போது நம் பிள்ளைகளும் அடிக்கடி சொல்கிறார்கள். பெற்றோருக்கோ அது ஓவியக் கல்லூரி போலக் கேட்கிறது. அது உண்மையில் என்ன, அங்கே படிப்பும் வாழ்க்கையும் எப்படி, பணம் எங்கிருந்து வருகிறது என்பதை ஒரு கல்லூரியை முன்வைத்துச் சொன்னால் விளங்கும் என்று நினைத்தோம்.

கலைக் கல்லூரி அல்ல

பெயரில் 'ஆர்ட்ஸ்' இருப்பதால் குழப்பம். லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில் இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம், கணினி அறிவியல், பொருளாதாரம், வரலாறு, இலக்கியம், தத்துவம் எல்லாம் உண்டு. பெரீயாவில் நர்ஸிங் பட்டம் இருக்கிறது. வேளாண்மை, வணிக நிர்வாகம், ஆசிரியர் கல்வி, பொறியியல் சார்ந்த தொழில்நுட்பப் பாடம் ஆகியவையும் இருக்கின்றன.

வேறுபாடு, எதை எப்போது தேர்ந்தெடுப்பது என்பதில்தான். நம் நாட்டில் பத்தாம் வகுப்பு முடிந்ததுமே 'எந்த குரூப்' என்று கேட்டுவிடுகிறோம். பதினைந்து, பதினாறு வயதில் எடுக்கும் அந்த முடிவு, பிறகு வாழ்நாள் முழுக்கப் பின்தொடர்கிறது. அறிவியல் குரூப் எடுத்த பிள்ளைக்கு வரலாற்றில் ஆர்வம் வந்தால் நடுவில் மாறுவது எளிதல்ல. லிபரல் ஆர்ட்ஸ் முறையில் பட்டப்படிப்பு நான்கு ஆண்டுகள். முதல் ஓரிரண்டு ஆண்டுகளில் பல துறைப் பாடங்களைப் படிக்க வேண்டும்: கொஞ்சம் அறிவியல், கொஞ்சம் சமூகவியல், ஒரு மொழி, ஒரு கலை, நிறைய எழுத்துப் பயிற்சி. 'மேஜர்' எனப்படும் முதன்மைப் பாடத்தை அதன் பிறகுதான் முடிவு செய்கிறார்கள். வேதியியல் படிக்கப் போன பிள்ளை பொருளாதாரத்துக்கு மாறலாம். அதற்காக யாரும் வியப்படைய மாட்டார்கள்.

மருத்துவக் கனவு உள்ள குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் பிளஸ் டூ முடித்த கையோடு எம்.பி.பி.எஸ். சேர முடியாது. முதலில் நான்கு ஆண்டுப் பட்டம். அதன்பின் நுழைவுத் தேர்வு எழுதி மருத்துவப் பள்ளி. அங்குள்ள பல மருத்துவர்கள் இதுபோன்ற சிறிய கல்லூரிகளில் உயிரியலோ வேதியியலோ படித்துவிட்டுப் போனவர்கள். ஆனால் வெளிநாட்டு மாணவருக்கு அங்கே மருத்துவப் பள்ளியில் இடம் கிடைப்பது மிகக் கடினம், செலவும் மிக அதிகம். இதை மறைத்துப் பேசும் முகவர்களை நம்ப வேண்டாம்.

வகுப்பறையில்

நம் கல்லூரிகளில் ஒரு வகுப்புக்கு அறுபது, எழுபது பேர். பேராசிரியர் பேசுவார், நாம் எழுதிக்கொள்வோம். பருவத் தேர்வுக்கு முந்தைய மூன்று வாரங்களில் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்வோம். சிறிய கல்லூரியில் அது நடக்காது. வகுப்பில் பதினைந்து, இருபது பேர் இருந்தால் யார் படிக்காமல் வந்தார்கள் என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். முந்தைய நாளே நாற்பது, ஐம்பது பக்கம் படித்துவிட்டு வரச் சொல்லியிருப்பார்கள். வகுப்பில் நடப்பது அதன் மீதான விவாதம். பேசுவதற்கும் மதிப்பெண் உண்டு.

நம் பிள்ளைகள் தடுமாறும் முதல் இடம் இதுதான். ஆசிரியர் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்று நாம் வளர்த்திருக்கிறோம். அது நல்ல பண்புதான். ஆனால் அங்கே நான்கு வாரம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் அதை மரியாதை என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள், ஆர்வமில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். மரியாதையோடு மாற்றுக் கருத்துச் சொல்வது ஒரு தனிப் பழக்கம். நம் மதரஸா மரபில் மாணவர் உஸ்தாதிடம் கேள்வி கேட்டுக் கேட்டுப் பாடம் எடுத்த காலம் இருந்தது. அதை நினைவில் வைத்தால் இது அத்தனை அந்நியமாகத் தோன்றாது.

இரண்டாவது தடுமாற்றம் எழுத்து. தேர்வுகளை விடக் கட்டுரைகள் அதிகம். பெரீயாவில் முதலாண்டிலேயே எல்லோரும் எழுத்துக் கருத்தரங்கப் பாடம் எடுக்க வேண்டும். ஐந்து பக்கம் எழுதிக் கொடுத்தால், பேராசிரியர் திருத்தித் திருப்பிக் கொடுப்பார். மறுபடியும் எழுத வேண்டும். இணையத்திலிருந்து நான்கு வரி எடுத்து ஒட்டிவிட்டு, எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்லாவிட்டால் அது திருட்டு. அந்தப் பாடத்தில் தோல்வியடையலாம், கல்லூரியை விட்டே அனுப்பவும் படலாம். நம்மூரில் 'ப்ராஜெக்ட்' என்ற பெயரில் கடையில் அச்சடித்து வாங்கிக் கொடுக்கும் வழக்கத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இது பெரிய அதிர்ச்சி.

பேராசிரியர்கள் வாரத்தில் சில மணி நேரத்தை மாணவர்களுக்கென்றே ஒதுக்கி, அறைக்கதவைத் திறந்து வைத்திருப்பார்கள். புரியவில்லை என்றால் போய் உட்கார்ந்து கேட்கலாம். கேட்பது குறை அல்ல. இதைத் தெரியாமலே முதல் ஆண்டு முழுவதையும் தனியாகப் போராடிக் கழித்த பிள்ளைகள் உண்டு.

வாரம் பத்து மணி நேரம்

இனி பெரீயாவைத் தனித்துக் காட்டும் விஷயத்துக்கு வருவோம். அங்கே படிக்கும் எல்லோருக்கும் ஒரு வேலை உண்டு. கல்லூரியில் நூற்றுக்கும் மேற்பட்ட வேலைப் பிரிவுகள். உணவுக்கூடத்தில் சமைப்பவர், தட்டு கழுவுபவர், கழிவறை சுத்தம் செய்பவர், நூலகத்தில் புத்தகம் அடுக்குபவர், கணினி பழுது பார்ப்பவர், ஆய்வுக்கூட உதவியாளர், பண்ணையில் மாடு மேய்ப்பவர் எல்லாரும் மாணவர்கள். 1909-இல் கல்லூரி கட்டிய பூன் டேவர்ன் என்ற விருந்தினர் விடுதியில் வரவேற்பு மேசையில் நிற்பவரும் அறையைத் தயார் செய்பவரும் மாணவர்களே.

கைத்தொழில் பட்டறைகளும் இருக்கின்றன. மாணவர்கள் தறியில் நெய்கிறார்கள், மரச்சாமான் செய்கிறார்கள், விளக்குமாறு கட்டுகிறார்கள். ஆமாம், விளக்குமாறுதான். நூறாண்டுகளுக்கும் மேலாக அந்தப் பட்டறை நடக்கிறது. அங்கே கட்டும் அழகான விளக்குமாறுகளை வெளியூர்க்காரர்கள் விலை கொடுத்து வாங்கிப் போகிறார்கள். நெசவு வந்த கதையும் சுவையானது. 1890-களில் கல்லூரித் தலைவராக இருந்த வில்லியம் ஃப்ராஸ்ட், மலையூர்களில் பெண்கள் கையால் நெய்த போர்வைகளைப் பார்த்தார். கையில் காசு இல்லாத குடும்பங்கள் பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு அந்தப் போர்வைகளையே கொடுக்கத் தொடங்கின. கல்லூரி அவற்றை விற்றது. பிறகு அதுவே ஒரு தொழிலாக வளர்ந்தது.

இந்த வேலைக்குச் சிறு ஊதியமும் உண்டு. கைச்செலவுக்கும் உணவு, தங்கும் செலவில் ஒரு பகுதிக்கும் அது உதவும். ஆனால் வேலையைப் பகுதிநேரச் சம்பாத்தியம் என்று மட்டும் கல்லூரி பார்ப்பதில்லை. மேற்பார்வையாளர் வேலையை மதிப்பிடுகிறார். படிப்பு மதிப்பெண் பட்டியலைப் போலவே வேலைக்கும் ஒரு பதிவு கிடைக்கிறது. வேலைக்கு ஒழுங்காக வராதவர், படிப்பில் கெட்டிக்காரராக இருந்தாலும் எச்சரிக்கைக்கு உள்ளாவார். முதலாண்டில் கல்லூரியே வேலையை ஒதுக்குகிறது. அடுத்தடுத்த ஆண்டுகளில் விருப்பமான வேலைக்கு விண்ணப்பித்து மாறலாம். முதல் ஆண்டு தரை துடைத்த பிள்ளை நான்காம் ஆண்டில் ஒரு பிரிவையே நடத்தக்கூடும்.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இதில் இன்னொரு வசதி. அமெரிக்க மாணவர் விசாவில் இருப்பவர் அனுமதியின்றி வெளியே கடைகளில் வேலை பார்ப்பது விசா விதிமீறல். வளாகத்துக்குள் வேலை செய்யலாம். படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம் என்பது உச்சவரம்பு. சில நாடுகளில் நம் பிள்ளைகள் கட்டணம் கட்டுவதற்காகவே பெட்ரோல் பங்கிலும் உணவகத்திலும் ஒளிந்து ஒளிந்து வேலை பார்க்கும் நிலையை நாம் கேள்விப்படுகிறோம். வளாக வேலையில் அந்த அச்சம் இல்லை.

நம் சமுதாயத்தில் இதைப் பற்றிக் கொஞ்சம் வெளிப்படையாகப் பேச வேண்டும். வளைகுடாவில் வாப்பா வெயிலில் உழைத்து அனுப்பும் பணத்தில் படிக்கும் மகன், வீட்டில் தன் தட்டைக்கூடக் கழுவுவதில்லை. 'படிக்கிற பிள்ளை' என்று நாமே விட்டுவிடுகிறோம். மகளுக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. நபி (ஸல்) அவர்கள் தம் செருப்பைத் தாமே தைத்தார்கள், வீட்டு வேலையில் உதவினார்கள் என்று ஜும்ஆ பயானில் கேட்டுத் தலையசைத்துவிட்டுத்தான் வந்து அமர்கிறோம், தட்டை எடுத்துவைக்க உம்மாவைக் கூப்பிட்டபடி.

அடித்து விரட்டப்பட்ட பள்ளிக்கூடம்

இந்தக் கல்லூரி எதற்காகத் தொடங்கப்பட்டது என்று தெரிந்தால்தான் மற்றவை புரியும். ஜான் ஃபீ என்பவர் 1816-இல் கென்டக்கியில் பிறந்தவர். தந்தை அடிமைகளை வைத்திருந்தவர். மகனோ, அடிமை முறை இறைவனுக்கு எதிரான பாவம் என்று முடிவுக்கு வந்தார். தந்தை அவரைச் சொத்திலிருந்து விலக்கிவிட்டார். அடிமை முறை சட்டப்படி நடந்த அதே மாநிலத்தில், 1855-இல் பெரீயாவில் ஒரே அறை கொண்ட ஒரு பள்ளியைத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமை அதுவே தேவாலயம். எல்லா மக்களையும் இறைவன் ஒரே இரத்தத்திலிருந்து படைத்தான் என்பது அவருடைய நம்பிக்கை. இன்றும் கல்லூரியின் முழக்கம் அதுதான். அல் ஹுஜுராத் அத்தியாயத்தின் 13ஆம் வசனத்தை ஓதி வளர்ந்த நமக்கு அந்தக் கருத்து புதிதல்ல. ஆனால் அதைச் சொன்னதற்காக அன்று அங்கே உயிருக்கே ஆபத்து.

1859 டிசம்பரில் ஆயுதம் ஏந்திய ஒரு கூட்டம் வந்து, பத்து நாளில் ஊரை விட்டுப் போய்விட வேண்டும் என்று ஃபீயின் குழுவினருக்குக் கெடு வைத்தது. ஆசிரியர்களும் குடும்பங்களும் வெளியேறினார்கள். உள்நாட்டுப் போர் வந்தது. போரின்போது ஃபீ, கறுப்பினச் சிப்பாய்களும் அவர்கள் குடும்பங்களும் தங்கியிருந்த கேம்ப் நெல்சன் முகாமில் பணியாற்றினார். போர் முடிந்ததும் பெரீயாவுக்குத் திரும்பினார். முகாமில் சந்தித்த குடும்பங்களில் சிலவும் வந்தன. 1866-67 கல்வியாண்டில் மொத்தம் 187 மாணவர்கள்: 96 பேர் கறுப்பர், 91 பேர் வெள்ளையர். ஆண்களும் பெண்களும் சேர்ந்தே படித்தார்கள். அடிமை முறை ஒழிந்து ஓராண்டுகூட முழுதாக ஆகாத நேரத்தில், அமெரிக்கத் தென்பகுதியில் இது நடந்தது.

சோதனை மறுபடியும் வந்தது. 1904-இல் கென்டக்கி சட்டமன்றம் 'டே சட்டம்' என்ற ஒன்றை நிறைவேற்றியது. கறுப்பரையும் வெள்ளையரையும் ஒரே நிறுவனத்தில் படிக்கவைப்பது குற்றம். தனித்தனிக் கிளை வைத்தாலும் இரண்டுக்கும் இடையே 25 மைல் தூரம் இருக்க வேண்டும். மாநிலத்தில் அப்படிச் சேர்ந்து படித்த கல்லூரி பெரீயா ஒன்றுதான். அதைக் குறிவைத்தே சட்டம் வந்தது. கல்லூரி உச்ச நீதிமன்றம் வரை போராடியது. 1908-இல் தோற்றது. கென்டக்கிக்காரரான நீதிபதி ஜான் மார்ஷல் ஹார்லன் கடுமையான மாறுபட்ட தீர்ப்பு எழுதினார், பலனில்லை. கறுப்பின மாணவர்கள் வேறு கல்லூரிகளுக்குப் போக வேண்டியதாயிற்று. அவர்களுக்காக லூயிவில் நகரத்துக்கு அருகே லிங்கன் இன்ஸ்டிட்யூட் என்ற பள்ளியை நிறுவ பெரீயா நிதி திரட்டியது. 1950-இல் சட்டம் திருத்தப்பட்டபோதுதான் மீண்டும் பெரீயாவின் கதவு திறந்தது.

கல்லூரியை அப்படியே புகழ்ந்துவிட்டுப் போகவும் முடியாது. சட்டம் வருவதற்கு முன்பே, ஃப்ராஸ்ட் காலத்தில், கல்லூரியின் கவனம் மலைப்பகுதி ஏழை வெள்ளையர்கள் பக்கம் திரும்பியது. கறுப்பின மாணவர்களின் பங்கு குறைந்தது. பழைய கறுப்பின மாணவர்கள் அதை எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். கட்டணம் இல்லாத கல்லூரி என்று நாம் வியக்கும் அதே காலத்தில்தான் இதுவும் நடந்தது.

சட்டம் வருவதற்குச் சரியாக ஓராண்டு முன், 1903-இல் அங்கே பட்டம் பெற்றவர் கார்ட்டர் வுட்சன். அடிமைகளாயிருந்த பெற்றோருக்குப் பிறந்தவர், நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். பிறகு 1912-இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் இன்று பிப்ரவரி முழுக்கக் கொண்டாடப்படும் கறுப்பர் வரலாற்று மாதத்துக்கு 1926-இல் விதை போட்டவர் இவரே. 2002-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரான ஜான் ஃபென்னும் பெரீயாவில் படித்தவர்தான். ஓராண்டு முன்பின்னாகப் பிறந்திருந்தால் வுட்சனின் கதை என்னவாகியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

பணம் எங்கிருந்து வருகிறது?

மாணவர்கள் செய்யும் வேலையில் கல்லூரி நடந்துவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது உண்மையல்ல. தட்டு கழுவி ஒரு கல்லூரியை நடத்த முடியாது. பெரீயாவின் முதுகெலும்பு அதன் நிலைநிதி. அதாவது, நன்கொடையாக வந்த தொகையைச் செலவழித்துவிடாமல் முதலீடு செய்து, ஆண்டுதோறும் அதன் வருமானத்தில் ஒரு பங்கை மட்டும் எடுத்துச் செலவு செய்வது. 1920-இல் நிர்வாகக் குழு ஒரு முடிவெடுத்தது: யாராவது உயில் எழுதி, இன்ன காரியத்துக்கு என்று குறிப்பிடாமல் விட்டுப்போகும் தொகை எதுவும் அன்றாடச் செலவுக்குப் போகக் கூடாது, நிலைநிதியில்தான் சேர வேண்டும். நூறாண்டுகளாக அதைக் கடைப்பிடித்ததன் பலன், இன்று அந்த நிதி 100 கோடி டாலரைத் தாண்டி நிற்கிறது. கல்லூரிச் செலவின் பெரும்பகுதி அதிலிருந்தே வருகிறது.

2017-இல் அமெரிக்க அரசு பெரிய நிதி வைத்திருக்கும் கல்லூரிகளுக்குப் புதிய வரி போட்டபோது, கட்டணமே வாங்காத பெரீயாவும் அதில் சிக்கவிருந்தது. 2018 பிப்ரவரியில் 'கட்டணம் செலுத்தும் மாணவர்கள்' என்று சட்டத்தில் வார்த்தையைத் திருத்தித்தான் அதை விடுவித்தார்கள்.

இதைப் படிக்கும்போது நமக்கு உடனே நினைவுக்கு வருவது வக்ஃப். முதலைத் தொடாமல் பலனை மட்டும் நற்காரியத்துக்குச் செலவிடுவது நமக்கு நன்றாகத் தெரிந்த ஏற்பாடு. கெய்ரோவின் அல் அஸ்ஹரும் ஃபெஸ் நகரத்தின் கரவிய்யீனும் நூற்றாண்டுகளாக வக்ஃப் வருமானத்தில் மாணவர்களுக்கு உணவும் உறைவிடமும் தந்தவை. தமிழ்நாட்டிலும் வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919-இலும் திருச்சி ஜமால் முகமது கல்லூரி 1951-இலும் தொடங்கியது சமுதாயப் பெரியவர்கள் கொடுத்த பொருளாலும் நிலத்தாலும்தான். ஒரு வேறுபாட்டையும் சொல்லிவிட வேண்டும். பெரீயாவின் நிதி அமெரிக்கச் சந்தைகளில் முதலீடு செய்யப்படுவது. அதன் ஒவ்வொரு முதலீடும் ஷரீஅத் அளவுகோலுக்கு ஒத்து வரும் என்று சொல்ல முடியாது. நாம் பார்க்க வேண்டியது, வரும் நன்கொடையை அந்தந்த ஆண்டே கட்டடமாகவும் வண்ணப்பூச்சாகவும் முடித்துவிடாமல், பேரன் தலைமுறைக்கு வைத்த பொறுமையை. நம் பல நிறுவனங்களில் வாசல் வளைவுக்குக் கிடைக்கும் பணம், ஏழை மாணவரின் நிரந்தர நிதிக்குக் கிடைப்பதில்லை.

இஸ்லாமியப் பிள்ளை அங்கே எப்படி இருப்பார்?

பெரீயா கிறிஸ்தவ மரபில் வந்த கல்லூரி. எந்த ஒரு சபையையும் சார்ந்ததல்ல. எல்லா மதத்தவரும் படிக்கிறார்கள். நீண்ட காலமாக அதன் பொதுப்பாடங்களில் கிறிஸ்தவத்தைப் பற்றிய ஒரு பாடமும் இடம்பெற்று வந்திருக்கிறது. கல்விப் பாடமாகத்தான் அது அமைந்தது. மதம் மாற்றும் வகுப்பல்ல. இருந்தாலும் பெற்றோர் இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பதே நல்லது. தன் மார்க்கத்தைப் பற்றிக் கேட்டால் நான்கு வார்த்தை தெளிவாகப் பேசத் தெரிந்த பிள்ளைக்கு அந்த வகுப்பு தடையாக இருக்காது. ஒன்றும் தெரியாமல் போகும் பிள்ளைக்கு எந்தக் கல்லூரியும் சிரமம்தான்.

சிற்றூர் என்பதால் பெருநகர வசதிகளை எதிர்பார்க்க முடியாது. பள்ளிவாசல்கள் உள்ள பெரிய ஊர் லெக்சிங்டன். கார் இல்லாத மாணவர் ஒவ்வொரு வெள்ளியும் அங்கே போய்வர இயலாது. இது பெரீயாவுக்கு மட்டுமான நிலை அல்ல. இத்தகைய சிறு கல்லூரிகளில் பல ஒதுக்குப்புற ஊர்களில்தான் இருக்கின்றன. அங்கெல்லாம் ஐந்தாறு முஸ்லிம் மாணவர்கள் சேர்ந்து ஓர் அறையைக் கேட்டு வாங்கித் தொழுவதுதான் வழக்கம். உணவுக்கூடத்தில் ஹலால் இறைச்சி கிடைக்காவிட்டால் காய்கறி, முட்டை, மீன் என்று நாள் ஓடும். நோன்பு படிப்புக் காலத்தில் வந்தால் ஸஹருக்கு உணவுக்கூடம் திறந்திருக்காது. முன்னாள் இரவே பொட்டலம் கட்டி வாங்கி வைக்க வேண்டும், அதற்கு அலுவலகத்தில் முன்கூட்டியே பேச வேண்டும். மாணவர்கள் வளாகத்திலேயே தங்க வேண்டும் என்பது பொதுவான விதி. விடுதியில் ஆண், பெண் ஏற்பாடு எப்படி என்பதை, குறிப்பாக மகளை அனுப்ப நினைப்பவர்கள், கூச்சப்படாமல் கடிதம் எழுதிக் கேட்கலாம். பதில் சொல்வார்கள். பல அமெரிக்கக் கல்லூரிகளில் உள்ள 'ஃப்ரெட்டர்னிட்டி' எனப்படும் கேளிக்கைக் குழுக்கள் பெரீயாவில் கிடையாது என்பது ஓர் ஆறுதல்.

யாருக்கு இடம்?

வசதியுள்ளவர்கள் பணம் கட்டிச் சேர முடியாத கல்லூரி இது. குடும்ப வருமானம் குறைவு என்று காட்டினால்தான் சேர்ப்பார்கள். பெரும்பாலான இடங்கள் அப்பலாச்சியன் மலைப்பகுதிப் பிள்ளைகளுக்கு. வெளிநாட்டவர் ஆண்டுக்குச் சுமார் 30 பேர்தான். அவர்களுக்கு முதலாண்டில் கல்விக் கட்டணம் மட்டுமல்ல, உணவும் தங்குமிடமும் சேர்த்து முழு உதவி. அடுத்த ஆண்டுகளில் கோடை விடுமுறையில் வேலை செய்து ஆண்டுக்கு ஏறக்குறைய ஆயிரம் டாலர் சேமித்துத் தர வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். விமானச் சீட்டு, விசாச் செலவு நம் கையில். உலகம் முழுவதிலுமிருந்து விண்ணப்பங்கள் குவிவதால் போட்டி கடுமை.

மற்ற புகழ்பெற்ற லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளில் விலைப்பட்டியல் ஆண்டுக்கு 80,000 டாலரைத் தாண்டிவிட்டது. அதைப் பார்த்ததும் பக்கத்தை மூடிவிட வேண்டாம். ஆம்ஹெர்ஸ்ட், போடின் போன்ற சில கல்லூரிகள், வெளிநாட்டு மாணவரின் குடும்பத்தால் எவ்வளவு கட்ட முடியும் என்பதைப் பார்க்காமலே தேர்ந்தெடுத்து, பிறகு குறையும் தொகையை உதவியாகத் தருவதாக அறிவித்திருக்கின்றன. உதவித்தொகைக் கடிதம் வந்தால் அதில் 'கிராண்ட்' எவ்வளவு, 'லோன்' எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள். முதலாவது திருப்பித் தர வேண்டாதது. இரண்டாவது வட்டியோடு திரும்பக் கட்ட வேண்டியது. இரண்டையும் கூட்டி ஒரே தொகையாகக் காட்டும் கடிதங்கள் உண்டு. படித்த பிறகு இந்தியாவில் அரசு வேலைக்கோ மேற்படிப்புக்கோ திரும்பும் எண்ணம் இருந்தால், வெளிநாட்டுப் பட்டத்துக்கு இணைச் சான்றிதழ் பெறும் விதிகளையும் போகும் முன்பே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

விண்ணப்பத்துக்கு வேண்டியவை: ஒன்பதாம் வகுப்பிலிருந்து மதிப்பெண்கள், ஆங்கிலத் தேர்ச்சித் தேர்வு, ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதம், பிள்ளை தன்னைப் பற்றித் தானே எழுதும் கட்டுரை, குடும்ப வருமான விவரம். இந்தக் கட்டுரையை முகவரிடம் காசு கொடுத்து எழுதி வாங்காதீர்கள். வாப்பாவின் கடையில் சனிக்கிழமை கல்லாவில் உட்கார்ந்ததையும், தம்பிக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்ததையும் பிள்ளை தன் வார்த்தையில் எழுதினால் போதும். அவர்கள் தேடுவது அதைத்தான். கெடு தேதிகள் கல்லூரிக்குக் கல்லூரி மாறும், ஆண்டுக்கு ஆண்டும் மாறலாம். அந்தந்தக் கல்லூரியின் இணையதளத்திலேயே பாருங்கள். பொதுவாக அவை படிப்பு தொடங்குவதற்கு முந்தைய குளிர்காலத்திலேயே முடிந்துவிடும். ஆகவே பிளஸ் டூ முடிவுகள் வந்த மறுநாள் பேசத் தொடங்கினால் அந்த ஆண்டுக்குக் காலம் கடந்துவிட்டது. பிள்ளை பதினோராம் வகுப்பில் காலடி வைக்கும் மாதத்தில் பேச வேண்டிய பேச்சு இது.